ஸ்கான் அறிக்கையோடு தமிழில் நாலு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

என் தாயாரின் நெஞ்சு சீ.ரி. ஸ்கான் அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து கிளினிக் திகதி வரையான பதினொரு நாட்களும் எங்கள் வீட்டில் எவரும் வயிறாரச் சாப்பிடவில்லை. நெஞ்சறையில் நிணநீர்க் கணுக்கள், அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் சிறு முடிச்சுகள், பெருத்திருப்பதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தம்பி கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துப் புற்றுநோய் என்றான். அம்மா அந்த மண்ணிற உறையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, தன் நகைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று பேசத் தொடங்கினார்.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைச் சுற்றி இந்தக் கணுக்கள் எல்லோருக்கும் உண்டு. காலில் புண் வந்தால் கவட்டில் நெறி கட்டுவதைப் போல, நியூமோனியா வந்தாலும் இவை வீங்கும். கணுவின் நீளம் அகலம் இரண்டில் குறைந்த அளவு 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் பெருத்தது என்று எழுதுவார்கள். வேறு நோய்க்குறி எதுவுமின்றித் தற்செயலாகத் தென்படும், 15 மில்லிமீற்றருக்குக் குறைந்த கணுக்களைப் பொதுவாக மேலும் ஆராயத் தேவையில்லை என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. காசநோய், சார்கொயிடோசிஸ் எனும் அழற்சி நோய், இதயத் தளர்ச்சி, கல்லுடைக்கும் இடத்துத் தூசு, லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் என்று காரணங்கள் பல இருப்பதால், அளவை மட்டும் வைத்து எவரும் முடிவு சொல்ல இயலாது. சந்தேகம் வலுத்தால் மூச்சுக்குழாய் வழியே கமராவைச் செலுத்தி, ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

அம்மாவின் கணு 12 மில்லிமீற்றர். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அதற்குள் அரிசி மணியளவில் வெள்ளையாகத் தெரிந்த சுண்ணாம்புப் படிவைக் காட்டி, "சின்ன வயசில கசம் வந்ததா அம்மா?" என்று கேட்டார். அம்மா வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட நாட்களில் மாதக்கணக்காக ஊசி போட்டதையும், கலியாணம் தடைப்படும் என்று வீட்டார் மறைத்ததையும், பிள்ளைகளான நாங்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். ஆறிய நோயின் தழும்பாகவே அது இருக்கக்கூடும் என்று விளக்கிய வைத்தியர், இருமல் தொடர்ந்ததால் சளியையும் பரிசோதிக்கச் செய்தார். அதில் கிருமி இல்லை.

இதைப் படித்துவிட்டு எவரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். திசு எடுப்பதற்கு முன்னர் ஸ்டீரொயிட் மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கினால் லிம்போமா தற்காலிகமாக மறைந்துபோய்க் கண்டறிவது கடினமாகும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஸ்கான் எடுக்கும் நிலையங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கணு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, அவசரமாகப் பார்க்க வேண்டியதா, அடுத்து யாரிடம் போவது என்பதைத் தமிழில் நாலு வரியாக எழுதி, அறிக்கையோடு அதே உறைக்குள் வைத்துத் தாருங்கள்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.