பழைய காருக்கும் ஒரு பாலிசி போடுங்கள்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐதராபாத்தில் இருக்கும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் மோட்டார் பாலிசி வடிவமைக்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என்னிடம் இருப்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் பிறந்த வண்டி. ஞாயிறு காலையில் ஒரு சுற்று, எப்போதாவது ஒரு பழைய கார் ராலி, ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்குவது, அவ்வளவுதான் அதன் ஓட்டம். மற்ற நாளெல்லாம் ஷெட்டில், துணி போர்த்தி நிற்கிறது. ஆனால் பாலிசி புதுப்பிக்கிற மாதம் வந்தால், தினமும் ஓஎம்ஆரில் ஆபீஸ் போய்வருகிற காரும் இதுவும் உங்கள் கணக்கில் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

தேர்டு பார்ட்டி பிரீமியத்தில், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான பகுதியில், எனக்குப் பெரிய வழக்கு இல்லை. ரோட்டில் போகிறவருக்கு அடிபட்டால் வண்டியின் வயதா முக்கியம்? 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஹெரால்டு 948 சிசி என்பதால் முதல் படியில் தப்பித்துவிடுகிறது. பத்மினியும் அம்பாசடரும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது படி.

விண்டேஜ் என்று பதிந்த காருக்கு இதில் பாதி தள்ளுபடி உண்டு. நல்ல விஷயம், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021இல் வந்த விதிப்படி 50 வயது ஆகியிருக்க வேண்டும், வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். புதிதாக அப்படிப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். என் வண்டிக்கு ஆண்டுக்கு 1,047 ரூபாய் மிச்சம் என்றால், பத்து ஆண்டில் ஜிஎஸ்டி சேர்த்தாலும் 12,400க்குள் அடங்கிவிடும். இருபதாயிரம் கட்டி அதைச் சம்பாதிப்பதா? பெரிய எஞ்சின் ப்யூக், செவர்லே வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும், சின்ன வண்டிக்காரருக்கு ஆகாது. அதோடு, பதிந்த பிறகு ராலி, கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். அம்மாவை உட்காரவைத்துக் கோயிலுக்குப் போய்வந்தால் விதிமீறல்.

உண்மையான சிக்கல் ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதியில் இருக்கிறது. பிரீமியத்தைக் குறையுங்கள் என்று கேட்டால், ஏஜென்ட் கையில் இருக்கிற ஒரே வழி ஐடிவியை, அதாவது பாலிசியில் எழுதுகிற வண்டி மதிப்பை, குறைப்பது. 'சார், ஐம்பதாயிரம் போட்டுக்கலாம், பிரீமியம் சுருங்கிடும்' என்பார். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு இருதரப்பும் பேசி மதிப்பை முடிவு செய்யலாம் என்றுதான் விதி. ஆனால் நடப்பில் பேச்சு கீழ்நோக்கித்தான் போகும். சில லட்சம் செலவழித்துச் சீர்செய்த வண்டி, பாலிசியில் பழைய இரும்பு விலைக்கு நிற்கும். திருடு போனால் அந்த இரும்பு விலைதான் கைக்கு வரும். இதை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சின்ன கிளைமும் அப்படித்தான். ஹெரால்டின் பானெட் தனி மூடி இல்லை. இரண்டு பக்கமும் இருக்கிற கொக்கியை விடுவித்தால், மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பகுதி மொத்தமும் முன்பக்கம் சாயும். வேறு வண்டி வந்து மோத வேண்டாம். நாமே கேட்டில் லேசாக இடித்தால் போதும், வேலை முகம் முழுவதற்கும் பரவும். அதை எடுத்துக் கட்டுபவர் வயதான டிங்கர். சாமான் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடியது. சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் கேட்பதோ கம்பெனி பில். கம்பெனியே இல்லையே சார்! பில் கிடைத்தாலும் பத்து வயது தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பீர்கள். தேய்மானம் கழிக்காமல் தருகிற 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் இந்த வயது வண்டிக்குக் கிடைப்பதும் அபூர்வம்.

இத்தனைக்கும் தீர்வு உங்கள் பழைய புத்தகத்திலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டு இந்தியா மோட்டார் டாரிஃப் என்ற அன்றைய பிரீமிய விதிப் புத்தகத்தில், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்பை அப்படியே தருகிற பாலிசி மற்ற வண்டிகளுக்குக் கூடாது, விண்டேஜ் காருக்கு மட்டும் ஆகலாம் என்று எழுதினார்கள். ஓன் டேமேஜில் 25 சதவீதத் தள்ளுபடியும் கொடுத்தார்கள். ஆனால் விண்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், விண்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று வேண்டும் என்று ஒரு கோடு. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் செய்த ஒரு கார்கூட அந்தக் கோட்டுக்குள் வராது. அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, எதுவும் இல்லை.

ஆகவே கேட்கிறேன். வயதை 30 ஆக வையுங்கள். பழைய வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பான ஃபீவாவும் அதே 30 வயதைத்தான் வைத்திருக்கிறது. சான்றுக்கு மும்பைக் கிளப் ஒன்றையே நம்பாமல் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி ஊருக்கு ஊர் இருக்கிற சங்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டோவும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் வாங்கிக்கொண்டு மதிப்பை எழுதுங்கள். அதற்குப் பதிலாக நாங்கள் கிலோமீட்டர் வரம்புக்கு ஒப்புக்கொள்கிறோம், பூட்டிய ஷெட் கட்டாயம் என்றாலும் சரி. பிரிட்டனில் பழைய கார் பாலிசி இந்த அடிப்படையில்தான் விலை இறங்குகிறது. மதிப்பு உண்மையாகவும் ஓட்டம் குறைவாகவும் இருப்பதால் இறங்குகிறதே தவிர, மதிப்பைப் பொய்யாக எழுதி அல்ல. ஓடுகிற தூரத்துக்கு ஏற்ற பிரீமியத்தை 2022 ஜூலையில் நீங்களே அனுமதித்தீர்கள். நான் கேட்ட இடங்களில் 'இந்த மாடலுக்கு இல்லை' என்று கைவிரித்தார்கள். இதைவிடக் குறைவாக ஓடுகிற மாடல் எது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நிற்கிற வண்டிக்குத் தீயும் திருட்டும் மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் நிற்கிற காருக்கு எங்களூரில் அதுதான் முதல் எதிரி.

இதைப் படிக்கிற வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு மூன்று கார் இருந்தால் ஒவ்வொன்றிலும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாதீர்கள். 2019 முதல் தனியாக ஒன்று எடுத்தால் போதும். சின்னச் சேதத்தைக் கையிலிருந்து கட்டினால் கிளைம் கேட்காதவருக்குத் தருகிற நோ கிளைம் போனஸ் தள்ளுபடி 50 சதவீதம் வரை ஏறும். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டவிட்டால் அது போச்சு. சேதத்தில் ஒரு தொகையை நாமே ஏற்றுப் பிரீமியத்தைக் குறைக்கிற வாலன்டரி டிடக்டிபிள் பற்றி நீங்களாகக் கேளுங்கள், கவுன்ட்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டியைப் பிரித்துப் போட்டு மாதக்கணக்கில் வேலை பார்ப்பதாக இருந்தால் பழைய டாரிஃபில் ஓடாமல் நிற்கிற காலத்துக்கு 'லே-அப்' என்று ஒரு சலுகை இருந்தது, அது உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர் தள்ளுபடிக்கு அந்த டாரிஃப் வைத்திருந்த உச்சவரம்பு 200 ரூபாய். அதை நம்பி யாரும் கார் வாங்க வேண்டாம்.

ஆணையத்துக்குத் திரும்புகிறேன். நிறுவனங்கள் தாமாக இதைச் செய்யும் என்று காத்திருந்து பார்த்தாயிற்று. எண்ணிக்கை குறைவு, லாபம் இல்லை என்பார்கள். நீங்கள் ஒரு மாதிரிப் பாலிசியை எழுதி, வேண்டுகிறவருக்கு மறுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். வரைவு வந்தால் கருத்துச் சொல்லப் பழைய கார் சங்கங்களையும் கூப்பிடுங்கள். டிங்கரையும் அழைத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ஹெரால்டுக்காரர்