மஃபாக் சைக்கிள் பிரேக் என்று விற்று டியா-காம்ப் பிரேக் அனுப்பியது பற்றிய புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

ஐயா,

உங்கள் இணையக் கடையில் "ஒரிஜினல் மஃபாக் ரேசர் பிரேக் செட், பிரான்ஸ் தயாரிப்பு" என்று போட்டிருந்ததை நம்பி முழுப் பணமும் கட்டி வாங்கினேன். பெட்டியில் வந்தது டியா-காம்ப் 610. கேலிப்பரின், அதாவது ரிம்மை அழுத்தும் பிரேக் கையின், மேலேயே பெயர் பொறித்திருக்கிறது. பேக் செய்தவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை போல.

சரி, பார்சல் மாறுவது நடப்பதுதான். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பதில் இருக்கிறதே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. "டியா-காம்ப் மஃபாக்கின் ஜப்பான் கிளை, இரண்டும் ஒரே பொருள்தான்" என்கிறார்கள். யார் சொன்னது? மஃபாக், பிரான்சின் கிளெர்மான்-ஃபெரான் ஊர்க் கம்பெனி. மிஷலின் டயருக்கும் அதுதான் சொந்த ஊர். டியா-காம்ப், ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த யோஷிகாய் நிறுவனத்தின் பிராண்டு. அவர்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தது சுவிட்சர்லாந்தின் வைன்மான் கம்பெனி வடிவமைத்த பிரேக்கை. 610 என்ற எண்கூட வைன்மான் வைத்ததுதான். மஃபாக்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஜப்பான் சரக்கு மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பிரேக்தான், என் சைக்கிளுக்கு ஆகாது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த தாத்தா அங்கிருந்து கொண்டுவந்த பெஜோ அது. இரண்டு சக்கரத்துக்கும் மஃபாக். மஃபாக்கில் பிரேக் கட்டையின் தண்டில் மரை இருக்காது, வழவழவென்று இருக்கும். அதைக் கண் வைத்த போல்ட்டுக்குள் நுழைத்து இறுக்க வேண்டும். கட்டையை ரிம் பக்கம் தள்ளலாம், இழுக்கலாம், முன்முனையைக் கொஞ்சம் உள்ளே திருப்பிக் கீச்சுச் சத்தத்தையும் அடக்கலாம். நீங்கள் அனுப்பியதில் தண்டிலேயே மரை, நட்டுப் போட்டு முடுக்குவதோடு சரி. நான் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் மஃபாக் கட்டைகளில் ஒன்றுகூட இதில் உட்காராது. "முன்னால் மஃபாக், பின்னால் டியா-காம்ப் என்று மாட்டிக்கொள்ளுங்களேன்" என்று உங்கள் ஆள் போனில் சொன்னதைக் கேட்டு, ராடு பிரேக் ஹெர்குலஸ் காலத்திலிருந்து தொழில் பார்க்கும் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனே சிரித்துவிட்டார்.

பழைய உதிரிபாகத்தில் பாதி விலை, செய்த கம்பெனிக்கும் ஊருக்கும்தான். அதைத் தப்பாகப் போட்டால் விலையும் தப்பு.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகளின்படி, பொருள் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சரியாகச் சொல்வது விற்பவர் கடமை. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவும் முடியாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

உண்மையான மஃபாக் ரேசர் செட் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். அனுப்பும் முன் பெயர் தெரிகிற மாதிரி படம் எடுத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் கூரியர் செலவோடு பணத்தைத் திருப்புங்கள். அப்புறம், அந்த விளம்பரத்தை இன்றே திருத்துங்கள், இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு மாதத்தில் முடியாவிட்டால் புதுச்சேரி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பிரேக்கை மாட்டிப் பார்க்கவில்லை, வந்த பெட்டியிலேயே இருக்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விளம்பரப் பக்கத்தின் படம், கேலிப்பரின் படங்கள்.