அந்த எஸ்யூவைக் கழற்றி எறிந்துவிடாதே

மச்சான்,

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் பார்த்தது, அதற்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்பு என்னுடையதுதான். இங்கே எல்லோரும் சுகம், அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சின்னவள் சுங்கைப் பட்டாணியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி உன் மகன் போனில் ஒரு செய்தி சொன்னான். உன் பழைய மோரிஸ் மைனர் காடியின் எஸ்யூ கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தச் சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஹாஃப்கட் கடையில், அந்த வெட்டிய பழைய காடிச் சாமான் விற்கும் இடத்தில், ஏதோ ஜப்பான் காடியின் கார்புரேட்டரை வாங்கி மாட்டப்போகிறாயாம், நாளையே பட்டறைக்குப் போகிறாயாம். எனக்குத் தூக்கமே போய்விட்டது. பொறுடா. உங்கப்பா டிரசர் வேலைக்கு, அந்தத் தோட்ட ஆஸ்பத்திரி மருந்து வேலைக்கு, தோட்டம் தோட்டமாக ஓட்டிப்போன காடி அது. வாழைக்காய் கதை நடந்த ராத்திரிகூட அதே கார்புரேட்டரோடுதான் நம்மை வீடு கொண்டுவந்து சேர்த்தது.

ஐட்லிங் நிற்பதில்லை, ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, பெட்ரோல் வரும் ஜெட்டை அதன் நட்டால் இறக்கிப் பெட்ரோலைக் கூட்டினால் ஐட்லிங் நிலையாக நிற்கிறது, ஆனால் ஓட்டும்போது கரும்புகை. உன் மகன் சொன்னது இதுதானே? என் காடிக்கும் ஐந்து மாதம் இதே நோய்தான். ஜெட், ஊசி, மிதவை வால்வு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தேன். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய ஜெட் வந்தது, பிரித்தால் அதன் நைலான் குழாய் கட்டை. மினிக்கும் நம் மைனருக்கும் அதே ஹெச்எஸ்2 மாடல் எஸ்யூ, அதே ஒண்ணேகால் இன்ச்தான், ஆனால் மிதவைக் கிண்ணம் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக்கும் சாய்வுக்கும் ஏற்றபடி குழாய் நீளம் மாறும். அது யாருக்கோ போகவேண்டிய ஜெட். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து இரண்டு பழைய எஸ்யூ வாங்கினேன். இரண்டும் என்னுடையதைவிட மோசம்.

கடைசியில் நம்ம பழைய போர்மனிடம்தான் போனேன், அந்தப் பட்டறை முதலாளித் தவுக்கேதான், உன்னை 'புகை' என்று கூப்பிடுவாரே, அவர். எதையும் கழற்றவில்லை. எஞ்சின் ஓடும்போது, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டைத் தாங்கும் ஸ்பின்டில் கம்பி நுழையும் இரண்டு ஓரத்திலும் கார்புரேட்டர் கிளீனரை லேசாகப் பீய்ச்சினார். சத்தம் உடனே மாறிவிட்டது. அறுபது வருஷமாக ஸ்பின்டில் சுழன்று சுழன்று துளை முட்டை வடிவமாகிவிட்டதாம், அந்த இடுக்கில் கள்ளக்காற்று உள்ளே போகிறது. காற்று கூடியதால் ஐட்லிங்கில் பெட்ரோல் குறைகிறது, அதை ஈடுகட்ட நாம் ஜெட்டை இறக்குகிறோம். வேகம் எடுக்கும்போது அந்த ஓட்டைக் காற்று ஒரு பொருட்டே இல்லை, ஆனால் இறக்கிய ஜெட் இறங்கியபடியே இருக்கிறது, அதனால்தான் புகை. ஐந்து மாதம் நான் மாற்றிய சாமான் எல்லாம் நல்ல சாமான்தான், நோய் வேறு இடத்தில் இருந்தது. உன் காடியிலும் முதலில் இதைச் செய்து பார், ஐந்து நிமிஷ வேலை. சூடான மேனிஃபோல்டு பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

வைத்தியமும் பெரிதில்லை. துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ், அதாவது குட்டி வளையம், அடித்து, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் துளையைச் சீவி அளவாக்கும் ரீமர் போட்டு, புது ஸ்பின்டில் போடவேண்டும். கடைசல் பட்டறையில் செய்யும் வேலை. ஆனால் த்ராட்டில் தட்டைப் பிடிக்கும் அந்த இரண்டு குட்டித் திருகுகளின் முனை பிளந்து விரித்திருக்கும், முதலில் அதை நெருக்கிவிட்டுத்தான் கழற்றவேண்டும். திரும்பப் போடும்போது புதுத் திருகு போட்டு, முனையை மறக்காமல் விரித்துவிட வேண்டும். ஒன்று கழன்று உள்ளே விழுந்தால் எஞ்சினுக்குள்தான் போகும். தட்டு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கீறி அடையாளம் வை. கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனையும் மேலே இருக்கும் மணி மாதிரி மூடியையும் ஜோடி மாற்றாதே, அவை ஜோடியாகப் பொருத்தியவை, வேறு கார்புரேட்டருடையதை மாற்றிப் போட்டால் பிஸ்டன் ஒழுங்காக விழாது.

சாமான் கிடைக்காது என்று உனக்கு யார் சொன்னது? 1926-இல் மோரிஸ் வாங்கிய கம்பெனி அந்த எஸ்யூ. மைனர் தயாரிப்பு நின்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இங்கிலாந்தில் சால்ஸ்பரியில் பர்லன் என்ற கம்பெனி அதே பெயரில் ஜெட், ஊசி, ஸ்பின்டில், காஸ்கெட் எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறது. பெயர் தெரியாத டப்பா கிட் வாங்காதே. மிதவைக் கிண்ண மூடித் திருகின் அடியில் நகம் அளவு அலுமினியத் தகடு ஒன்று இருக்கும், அதில் ஏயுடி (AUD) என்று தொடங்கும் எண் அடித்திருக்கும். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் சரியான சாமான் வரும். உன்னுடையது 1098 எஞ்சின், ஊசியின் கழுத்தில் ஏஎன் (AN) என்று இருக்கவேண்டும், பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தவுக்கேயின் கை நடுங்குகிறது மச்சான். ரீமரை அவர் பிடிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பிடிக்கச் சொன்னார், ஒவ்வொரு சுற்றுக்கும் 'போதும், எடு, துடை' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில், பட்டறைக்கு வரமாட்டார்கள். அலமாரியில் மைலோ டின் வரிசையாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எழுத்து ஒட்டி ஊசிகள். கடையை மூடினால் அத்தனையும் பழைய இரும்புக்காரனுக்குப் போகும். எனக்கு அதை நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது. அவர் கண் எதிரில் இருக்கும்போதே உன் கார்புரேட்டரையும் செய்து முடித்துவிட வேண்டும்.

அதனால் இப்படிச் செய். நாளைக்குப் பட்டறைக்குப் போகாதே. அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பு, நான் என் சாமானோடு சேர்த்து ஆர்டர் போடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி வருகிறேன், சனிக்கிழமை இருவருமாகக் கழற்றுவோம், கார்புரேட்டரை நான் கையோடு இங்கே தவுக்கேயிடம் கொண்டுவந்துவிடுகிறேன். அக்காவிடம் சொல்லிவை, பசியாற அங்கேதான். அந்தப் பழைய தோசைக்கல் இன்னும் இருக்கிறது அல்லவா?

மகன் கையில் ஸ்பானரைக் கொடுக்காதே.

உன்
மச்சான்