குழல் மாறிய லூகர் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள். மாலையில் அவள் பேச்சு இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ வாங்கப் பார்க்கும் அந்தப் பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி, லூகர் பி08 விஷயத்துக்கு வருகிறேன். குழலில் இருக்கும் எண்ணும் சட்டகத்தின் (கைப்பிடி சேர்ந்த அடிப்பாகம்) எண்ணும் ஒத்துப்போகவில்லை, விற்பவர் "அதே எண்ணை அடித்துத் தருகிறேன்" என்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் சம்மதிக்காதே. எண் சேராத குழலோடு அப்படியே வாங்கு, விலையைக் குறைத்துக் கேள். புது எண் அடித்துவிட்டால் அந்தக் குழல் எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

வாங்குவதற்கு முன்னால், துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, குழலின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார். குழல் திருகி நிற்கும் பாகமான ரிசீவருக்குச் சற்று முன்னால் வரிசை எண் இருக்கும். ராணுவத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் எண்ணோடு ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கும். அதன் பக்கத்திலேயே 8,82 (நாம் எழுதும் 8.82) என்பதுபோல ஓர் அளவு இருக்கும். அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். பிறகு குழலும் ரிசீவரும் சேரும் இடத்தில் உளியால் போட்ட மெல்லிய கோடு ஒன்றைத் தேடு. குழலை முடுக்கி நேர்செய்த பிறகு இரண்டின் மேலும் சேர்த்துப் போடும் அடையாளம் அது. ரிசீவரில் இரண்டு கோடுகள் இருந்தாலோ, இருக்கும் கோடு குழலின் கோட்டோடு சேராவிட்டாலோ குழல் மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். எண்களின் வடிவத்தையும் ஆழத்தையும் சட்டகத்தின் எண்களோடு ஒப்பிட்டுப் பார். பின்னாளில் அடித்தவை அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

குழல் மாறினாலே மதிப்புப் போய்விட்டது என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பின்லாந்து ராணுவம் வாங்கிய 7.65 மி.மீ. லூகர்கள் பலவற்றுக்குப் பின்னாளில் டிக்காகோஸ்கி தொழிற்சாலை செய்த 9 மி.மீ. குழல் பொருத்தினார்கள். அவற்றில் 'டிக்கா' என்றே பொறித்திருக்கும். அப்படி ஒன்றை 'அசல்' ஆக்குகிறேன் என்று ஜெர்மன் குழலை மாட்டுகிறவன் அதன் பாதி வாழ்க்கையைப் பிடுங்கி எறிகிறான். நேர்மாறான வேலையும் நடக்கிறது. லூகரிலேயே பீரங்கிப் படைக்கான மாடலின் 200 மி.மீ. நீளக் குழலை, நல்ல விலை போகும் என்று, சாதாரண பி08-இல் ஏற்றி விற்கிறார்கள். அந்த மாடலில் 800 மீட்டர் வரை குறித்த, குறிபார்ப்பதற்கான பின்பக்கக் குறிகாட்டி குழலின் மேலேயே உட்காரும். அதற்கு இடம்விட்டு ரிசீவரின் முன்விளிம்பைப் பெரும்பாலும் சற்றுக் குழித்திருப்பார்கள். குழிவு இல்லையென்றால் கேள்வி கேள்.

வெளியே பொறித்திருப்பதை வைத்து மட்டும் தோட்டா அளவை முடிவு செய்யாதே. 7.65 தோட்டாவின் உறையை விரித்துத்தான் 9 மி.மீ. பாராபெல்லம் பிறந்தது. அதனால் லூகரில் குழலை மாற்றினாலே தோட்டா மாறிவிடும். கைதேர்ந்த துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து, குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தை ஊற்றித் தோட்டா அறைக்கு அச்சு எடுக்கச் சொல். மென்மையான ஈயக் குண்டைக் குழலுக்குள் தள்ளியும் அளக்கலாம். அது ஓர் இடத்தில் திடீரென்று தளர்ந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பு வளையம்போல் தெரியும். அந்தக் குழலை வைத்துச் சுட வேண்டாம். சிறு குழிகளுக்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. பழைய தோட்டாக்களின் பொரிமருந்தில் (அடிபட்டதும் முதலில் தீப்பற்றும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் மிஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். சேகரிப்புக்கு வைத்திருக்க அது தடையில்லை.

இன்னொரு கடிதத்தில் மவுசர் சி96 என்ற மற்றொரு ஜெர்மன் கைத்துப்பாக்கி பற்றியும் கேட்டிருந்தாய். அதில் குழலும் அதன் பின்னால் நீளும் பாகமும் ஒரே இரும்பில் அடித்தது, லூகர்போல் திருகிக் கழற்ற முடியாது. தேய்ந்துபோனால் உள்ளே புதுக் குழாயைச் செருகுவார்கள், இல்லையென்றால் 9 மி.மீ.க்குக் குடைந்துவிடுவார்கள். வாய்ப்பகுதியில் மெல்லிய வளையத் தடம் தெரிகிறதா என்று பார். முதல் உலகப்போரில் பிரஷ்ய ராணுவத்துக்குச் செய்த 9 மி.மீ. மவுசர்களின் கைப்பிடியில் சிவப்பு நிறத்தில் பெரிய 9 வெட்டியிருந்தார்கள். கைப்பிடிப் பலகையை யாரும் மாற்றிவிடலாம், ஆகவே அதை நம்பாமல் குழலையே அள. அமெரிக்க ராணுவக் கைத்துப்பாக்கியான எம்1911 வேறு கதை. அதன் குழலில் வரிசை எண்ணே கிடையாது. இரண்டாம் போர்க் காலத்துக் குழல் என்றால் ஹை ஸ்டாண்டர்டுக்கு எச்எஸ், ஃபிளானரிக்கு எஃப் என்று தயாரிப்பாளரின் எழுத்து இருக்கும். துப்பாக்கியின் காலத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்க்க முடியும்.

லூகர் குழலின் அடிப்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே, படம் பார்த்த அன்றே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்