வெறும் வயிற்றில் போடாதே

அன்பு மகள் மலர்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பெரியப்பா வீட்டு விவகாரம் அப்படியேதான் இருக்கிறது. அதைப் போனில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, கரிநாளன்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாய். நீ ஊருக்குப் போன பின் அறையைப் பெருக்குகையில் குப்பைக்கூடையில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது; பத்துக் குழியும் காலி. கேட்டால் தலைவலிக்கு என்பாய். அதனால் கேட்கவில்லை.

எதைப் போட்டாலும் வெறும் வயிற்றில் போடாதே. அந்த வகை வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் மிகுதியாகச் சுரந்து கருப்பைத் தசையை இறுக்குவதால் வரும் மாதவிலக்கு வலிக்கு அந்தச் சுரப்பைத் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை என்பதால், வலி முற்றிய பின் இரண்டு மூன்றாக விழுங்குவதைவிடத் தொடக்கத்திலேயே, மருத்துவர் சொன்ன அளவில், சாப்பிட்டுவிட்டுப் போடுவதே பயன் தரும்.

நாள் நெருங்கும்போது வரும் எரிச்சலுக்கும் அழுகைக்கும் கால்சியம் உதவுகிறது. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மூன்றாம் மாதத்தில் தொல்லை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை தின்றவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்தியவளுக்குப் பாதியை மறைக்க வராது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருந்தாலும் ஒரு வேளைக் கூழில் சேருவது நூறைச் சுற்றித்தான். 200 மில்லி பாலில் 240 கிடைக்கும். எனவே கூழோடு பாலும் தயிரும் வேண்டும். வலிக்கு மெக்னீசியமும் நல்லது என்கிறார்கள். வேர்க்கடலையும் கீரையும் சாப்பிட்டால் அது தானே சேரும். இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துப் போடாதே, சோறு உண்டவுடன் காபி குடிக்காதே; இரண்டுமே இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.

பதினோரு பேருக்கு நீ தலைவி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்தத் தலைவி மாலை நான்கு மணிவரை பிஸ்கட்டில் ஓட்டுகிறாளாம். வெறும் வயிற்றில் மட்டும் போடாதே.

நாற்பது பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கருப்பையை வரைந்து காட்டிய நான், பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டு வேதியியல் தேர்வன்று நீ தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது, மோரில் ஒரு கரண்டி வெந்தயத்தைப் போட்டுக் கொடுத்து, "இதைத் தாங்காத பெண் உண்டா? அப்பா காதில் விழப்போகிறது" என்று கடிந்து பேருந்தில் ஏற்றிவிட்டேன். தேர்வறையில் நீ வாந்தி எடுத்ததை உன் டீச்சர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பள்ளி நாளிலிருந்து இருக்கும் வலி ஆண்டுக்கு ஆண்டு கூடி, வேலைக்குப் போக முடியாமல் படுக்க வைக்கிறது என்றால், கேழ்வரகு அதற்குப் போதாது. கருப்பையின் உள்ளுறை போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே அது இல்லையென்றும் ஆகாது. பெண் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, எத்தனை ஆண்டாக, எத்தனை மாத்திரை என்று மறைக்காமல் சொல். எந்த நாள் என்று மட்டும் தெரிவி, முந்தின இரவு ரயிலில் வந்துவிடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

எள்ளுருண்டை பார்சலில் வருகிறது. டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அம்மா