பக்கப் பட்டன்கள் விசைப்பலகையாக வேலை செய்யும் மவுஸ் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் மவுஸ் ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். பெட்டியில் இரு கைகளுக்கும் ஏற்றது, லினக்ஸில் இயங்கும் என்று இரண்டு வரிகள் இருந்தன. அந்த இரண்டையும் நம்பித்தான் வாங்கினேன்.

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதில் ஆவணம் தட்டச்சு செய்ய லிப்ரே ஆபீஸ் ரைட்டர். வருவதெல்லாம் பெரும்பாலும் அட்டவணைகள் நிறைந்த கணக்கு அறிக்கைகள். உங்கள் மவுஸின் இடப்பக்கத்தில் இரண்டு சிறு பட்டன்கள் இருக்கின்றன. வலக்கைக்காரருக்கு அங்கே கட்டைவிரல் வரும். எனக்கு மோதிரவிரலும் சுண்டுவிரலும் எப்போதும் அவற்றின் மேலேயே கிடக்கின்றன. கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலே பட்டன் அமுங்கி, அட்டவணையில் ஒரு நெடுவரிசை சுருங்கிவிடுகிறது. நாற்பது பக்க அறிக்கை ஒன்றை, எங்கெங்கே சுருங்கியிருக்கிறதோ என்ற பயத்தில் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன்.

என் பழைய மவுஸிலும் அதே இடத்தில் பட்டன்கள் உண்டு. மவுஸ் பட்டன்களின் வேலையை மாற்றும் எக்ஸ்இன்புட் கட்டளையில் பட்டன் வரிசையை 3 2 1 4 5 6 7 0 0 என்று கொடுப்பேன். இடதும் வலதும் இடம் மாறும், கடைசி இரண்டு பூஜ்யங்களால் 8, 9 ஆகிய பக்கப் பட்டன்கள் அடங்கிவிடும். ஒரே வரியில் முடிந்தது. உங்கள் மவுஸில் இடது வலது மாறுகிறது, பக்கப் பட்டன்கள் மட்டும் அடங்கவே இல்லை.

உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். கோளாறு லினக்ஸில்தான், விண்டோஸ் போட்டு எங்கள் மென்பொருளை நிறுவுங்கள் என்றார்கள். அது சரியல்ல. எந்தச் சாதனம் எந்தப் பட்டனை அனுப்புகிறது என்று காட்டும் ஈவிடெஸ்ட் கருவியை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். செருகியதும் உங்கள் மவுஸ் இரண்டு சாதனங்களாகத் தெரிகிறது: ஒரு மவுஸ், ஒரு விசைப்பலகை. பக்கப் பட்டனை அழுத்தினால் மவுஸ் பக்கம் ஒன்றும் வருவதில்லை. விசைப்பலகைப் பக்கம் ஆல்ட்டும் இடது அம்பும் சேர்ந்து வருகின்றன. பிரவுசரில் அது முந்தைய பக்கத்துக்குப் போகும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ரைட்டர் அட்டவணைக்குள் அதே விசைகள் நெடுவரிசையின் அகலத்தை மாற்றுபவை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பக்கப் பட்டன்களுக்கென்றே 275, 276 என்ற எண்கள் இருக்கின்றன. பழைய மவுஸ் அவற்றைத்தான் அனுப்புகிறது.

இப்போது, திரையையும் மவுஸையும் கவனிக்கும் எக்ஸ்ஆர்க் மென்பொருளின் அமைப்புக் கோப்பில், அந்தப் பொய் விசைப்பலகையைப் புறக்கணிக்கும்படி எழுதிவைத்து வேலையை ஓட்டுகிறேன். இதற்கு மூன்று மாலைகள் போயின. இதெல்லாம் தெரியாத ஒருவர் மவுஸை மூலையில் போட்டிருப்பார். அப்புறம், சுட்டும் வேகத்தை ஒவ்வொரு முறை செருகும்போதும் மறுபடி குறைக்க வேண்டியிருக்கிறது. அதை மவுஸிலேயே சேமித்து வைக்கவும் உங்கள் விண்டோஸ் மென்பொருள் வேண்டுமாம்.

மவுஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தாருங்கள். பக்கப் பட்டன்களை உண்மையான மவுஸ் பட்டன்களாக அனுப்பும் ஃபர்ம்வேர் (மவுஸுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) தரும்வரை, பெட்டியிலிருந்து லினக்ஸ் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பெட்டியின் லேபிளும் விளம்பரம்தான். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன்.

ரசீது நகலும் சோதனையின் திரைப்பிடிப்புகளும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்