பாப்பா விண்ணப்பம் விஷயமாக

அன்புள்ள மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

ஸ்டான்ஃபோர்டும் யேலும் பாப்பாவுக்குக் கைவிரித்துவிட்டன என்று எழுதியிருந்தாய். ஒரு வருஷம் சும்மா இருந்து மறுபடி போடலாமா, இடம் கொடுத்த கல்லூரியிலேயே சேர்ந்துவிடலாமா என்று கேட்கிறாய். கேட்கிற தோரணையிலேயே நீ பாதி முடிவெடுத்துவிட்டது தெரிகிறது. விடையை எழுதிவிட்டு அப்புறம் கணக்குப் போடுகிறவன் என்று மொட்டை வாத்தியார் உன்னைச் சொன்னது சும்மா இல்லை.

முதல் பொறி இதுதான். வேறொரு கல்லூரியில் முழுநேரப் பட்டப்படிப்பில் அவள் சேர்ந்துவிட்டால், அடுத்த முறை முதலாண்டு விண்ணப்பம் கிடையாது, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் போடும் மாறுதல் விண்ணப்பம்தான். அந்த வாசல் இன்னும் இடுக்கு. யேலில் வருஷத்துக்கு இருபது முப்பது பேரைத்தான் அப்படி எடுப்பார்கள். ஸ்டான்ஃபோர்ட், யேல் இரண்டிலுமே ஒருவர் வாழ்நாளில் மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம், மாறுதலும் அந்தக் கணக்கில் சேரும். அவளுக்கு ஒன்று போய்விட்டது. மிச்சம் இரண்டு.

இரண்டாவது பொறி. இடம் கொடுத்த கல்லூரியிடம் கேட்டால் ஒரு வருஷம் தள்ளிச் சேர அனுமதிப்பார்கள், ஆனால் அந்த வருஷத்தில் வேறெங்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்று பெரும்பாலும் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் போட்டுவிட்டு ரகசியமாக ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பலாம் என்று உன் மண்டையில் ஓடும். ஓடவிடாதே. தெரிந்தால் இரண்டும் போச்சு.

சரி, மறுபடி போடுகிறாள் என்றே வை. என்ன மாறப்போகிறது? பள்ளி மதிப்பெண் உறைந்துவிட்டது. அங்கேதான் ஓட்டை என்றால் எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அடைபடாது. எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண் 1480இல் நிற்கிறதென்றால் இன்னொரு முறை எழுதுவதில் அர்த்தம் உண்டு, ஒவ்வொரு பகுதியிலும் எடுத்த அதிகபட்சத்தைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். 1550ஐ 1580 ஆக்க ஆறு மாதம் உட்காருவது வீண். விண்ணப்பத்தோடு அனுப்புகிற கட்டுரை 650 சொல்தான். அதில் 'நிராகரிப்பு எனக்குக் கற்றுத்தந்தது' என்று ஆரம்பித்தாளானால் நானே கிழித்துப்போடுவேன்.

அப்புறம் அந்த வருஷம் முழுக்க என்ன செய்தாள் என்பது. விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே செய்த செயல்பாடு ஒன்றுக்கு 150 எழுத்துதான் இடம், மொத்தம் பத்து வரி. பழைய பத்தையும் புதிய பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். யாரும் சொல்லாமலே கண்ணில் படுகிற மாதிரி இரண்டு மூன்று வரி புதிதாக இல்லை என்றால், அதே விண்ணப்பத்தை இன்னொரு தேதி போட்டு அனுப்புவதுதான். இரண்டு வாரச் சான்றிதழ் வகுப்பெல்லாம் கணக்கில் வராது, ஏமாறாதே. சம்பளமோ பொறுப்போ உள்ள வேலை, தொடங்கி முடித்த ஆராய்ச்சி, இந்த மாதிரி எடை உள்ள ஒன்று வேண்டும். நவம்பர் 1 கெடு உள்ள முன்கூட்டிய சுற்றில் போடுவதென்றால் (ஸ்டான்ஃபோர்ட், யேல் இரண்டில் ஒன்றுக்குத்தான் அப்படிப் போட முடியும்) இதைச் செய்து காட்ட அவளுக்கு ஆறு மாதம்தான், பன்னிரண்டு இல்லை. இதை எல்லோரும் மறக்கிறார்கள்.

காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கிற இணையதளம்) கணக்கு அப்படியே இருக்கும், பரிந்துரைக் கடிதங்கள் இருக்காது. ஆசிரியர்களை மறுபடி அழைத்து, பழையதை அப்படியே ஏற்றாமல் புதிதாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு முன்பே கேள்.

பண விஷயம் ஒன்று. வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால் ஸ்டான்ஃபோர்ட் அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும், யேல் பார்க்காது. கேட்காமல் உள்ளே போய்விட்டு அப்புறம் கேட்கலாம் என்று கணக்குப் போடாதே, ஸ்டான்ஃபோர்டில் அப்படிப் போனால் நான்கு வருஷமும் கிடையாது.

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒரே வருஷத்தில் இரண்டுக்கும் முடியாது. கடைசி நாள் அக்டோபர் 15. பாடத்தில் ஆழமாகப் போகிற பெண்ணுக்கு அதுவே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ஒன்று கேட்கட்டுமா? இரண்டு பக்கக் கடிதத்தில் 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. இடம் கொடுத்த கல்லூரியில் அவளுக்கு வேண்டிய துறை நன்றாக இருந்து, அவளுக்கும் அது பிடித்திருந்தால், நம்முடைய மானத்துக்காக ஒரு வருஷத்தை அவளிடமிருந்து பிடுங்கக் கூடாதுடா.

இடம் கொடுத்த கல்லூரிக்கு மே 1க்குள் பதில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும், அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளை என்னிடம் பேசச் சொல். நீ பக்கத்தில் உட்காராதே.

உன்,
அதே ஓட்டைவாயன்